அவுட்போர்டு எஞ்சின் இழுக்கவில்லையா, எண்ணெய் குடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

குமரிக் கடற்கரை ஃபைபர் வள்ளங்களில் அதிகம் பார்ப்பது, அமரத்தில், அதாவது வள்ளத்தின் பின்முனையில், மாட்டும் 9.9, 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகைதான் பாதிக்கு மேல். அந்த எஞ்சின்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வெறும் பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் மண்ணெண்ணெய் பற்றிய வரிகளைத் தாண்டிப் போகலாம். எண்ணெய் என்று நான் சொல்வது எரிபொருளை, மசகு எண்ணெயை ஆயில் என்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். எது கெட்டாலும் உடனே கார்புரேட்டர் திருகைத் திருகும் பழக்கம் நம் கரையில் இருக்கிறது. அதை விடுங்கள். நேற்று வரை ஓடிய எஞ்சினின் திருகு ராத்திரியில் தானாகத் திரும்பியிருக்காது. திருகைத் தொட்டால், ஏற்கெனவே இருக்கும் பிழையோடு நீங்கள் உண்டாக்கிய பிழையும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, புரொப்பல்லர் பக்கம் கை வைக்கும் முன், எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பை (அது இல்லாமல் பொறி வராது) கழற்றி உங்கள் பாக்கெட்டில் போடுங்கள். பிளக் வயர்களையும் கழற்றிவிடுங்கள்.

1. கயிறு இழுத்து இழுத்துப் பார்த்தும் ஸ்டார்ட் ஆகவில்லை

காசு செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள். கில் சுவிட்ச் கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? எண்ணெய் ஹோஸில் கையால் அழுத்தும் பம்ப் பல்பின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கிறதா? புது ஹோஸ் மாட்டிய மறுநாள் "ஸ்டார்ட் ஆகல" என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த அம்பைத்தான்.

பல்பை அழுத்துங்கள். ஏழெட்டு அழுத்தலில் கல் போல இறுக வேண்டும்.

*பல்பு இறுகவே இல்லை:* டேங்க் பக்கத்திலிருந்து காற்று இழுக்கிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. இணைப்பின் ஓ-ரிங், கிளாம்ப், ஹோஸ் வெடிப்பு என்று வரிசையாகப் பாருங்கள். பல்பு சப்பிப்போய் திரும்ப ஊதவில்லை என்றால் அடைப்பு டேங்குக்குள், உறிஞ்சு குழாயின் நுனி வலையில் இருக்கும்.

*பல்பு இறுகுகிறது:* பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் உள்ளே போகவில்லை. ஃபில்டர் கப்பைப் பாருங்கள், பிறகு கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலில் பிடியுங்கள். ஒன்றும் வராவிட்டால் கார்புரேட்டருக்குள் எண்ணெயை விடும் ஃப்ளோட் ஊசி ஒட்டியிருக்கிறது. வந்தால் முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் காரணம் கிடைத்துவிட்டது. நேற்று கரைக்கு வரும்போது பெட்ரோலுக்கு மாற்றாமல் எஞ்சினை நிறுத்தியிருக்கிறீர்கள். கிண்ணத்தில் தேங்கிய மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. முழுவதும் வடித்துவிட்டு, பெட்ரோல் ஏற்றி இழுங்கள். கரை சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பிளக் நனைந்திருந்தால் எண்ணெய் போகிறது, பொறிதான் வரவில்லை. அல்லது சோக்கை இழுத்தபடியே விட்டதில் எஞ்சின் எண்ணெயில் முழுகியிருக்கிறது. சோக்கை உள்ளே தள்ளி, பிளக் வயர்களை மாட்டாமல், கிளிப்பும் இல்லாமல் ஐந்தாறு தடவை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். பொறியைச் சோதிக்க, கிளிப்பைத் திரும்ப மாட்டி, பிளக்கை வயரில் செருகி, அதன் இரும்பு உடல் எஞ்சின் உலோகத்தில் அழுந்தத் தொட வைத்து இழுக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். நீலமும் வெள்ளையுமாக 'டப் டப்' என்று அடித்தால் நல்லது. மஞ்சளாக நூல் மாதிரி வந்தால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். பிளக்கின் எண் 10 என்று முடிந்தால் இடைவெளி 1 மில்லிமீட்டர். அந்த 10 இல்லாத பிளக்கில் இடைவெளி குறைவு. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். அப்படி இல்லை, மேனுவலில் போட்டிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

புதுப் பிளக்கிலும் பொறி இல்லையா? கில் சுவிட்சின் வயரை மட்டும் பிரித்துவிட்டு இன்னொரு தடவை சோதியுங்கள். உப்பு ஏறிய சுவிட்ச் பல தடவை ஆளை ஏமாற்றும். அதிலும் வரவில்லை என்றால் இக்னிஷன் காயில், பொறியை நேரத்துக்கு விடும் மின்பெட்டியான சி.டி.ஐ., ஃப்ளைவீல் அடியிலுள்ள சுருள் என்று போகும். மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அனுமானத்தில் சி.டி.ஐ. வாங்கி மாட்டிப் பார்ப்பது பணத்தைக் கடலில் போடுவது.

2. ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் போனதும் செத்துவிடுகிறது

அது சாகப் போகும் நேரத்தில் ஒருவர் பல்பை அழுத்திக்கொண்டே இருக்கட்டும்.

*அழுத்தினால் உயிர் பிடிக்கிறது:* எண்ணெய் வரத்துதான் பிரச்சினை. காற்றுத் திருகு, டேங்கின் உறிஞ்சு குழாய், ஹோஸ் இணைப்பு, ஃபில்டர், கடைசியாக எஞ்சினிலுள்ள ஃப்யூவல் பம்பின் டயாஃப்ரம். இந்த வரிசையில் போங்கள். டயாஃப்ரம் சின்னப் பொருள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசித் துளையோ சுருக்கமோ தெரியும்.

*அழுத்தினாலும் செத்துவிடுகிறது:* எண்ணெயில் தண்ணீர் இருக்கலாம். டேங்கின் அடிமட்டத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாக ஏதாவது நின்றால் அந்த டேங்க் முழுவதையும் மாற்ற வேண்டும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். டேங்கின் உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. பெட்ரோலில் நாம் கலக்கும் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் மசகு எண்ணெய்) அந்தப் படலத்தில் கலந்து நிற்காது, ஆகவே எஞ்சின் ஆயில் இல்லாமல் ஓடும். கடற்கரைக் காற்றில் இது சீக்கிரம் நடக்கும். ஆடிக் கொந்தளிப்பில் வாரக்கணக்கில் வள்ளம் கரையில் கிடக்கும் காலத்தில், கலந்து வைத்த பெட்ரோலை டேங்கில் விட்டுவைக்காதீர்கள். பழைய ஹோஸும் ஓ-ரிங்கும் எத்தனாலில் ஊறிப் பிசுபிசுக்கும். கையில் கறுப்பு ஒட்டினால் ஹோஸை மாற்றுங்கள்.

*மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் மட்டும் செத்துவிடுகிறது:* எஞ்சின் சூடாகும் முன்பே மாற்றிவிட்டீர்கள், அல்லது எஞ்சின் சூடாகும்வரை குளிர்விக்கும் தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாததால் எஞ்சின் சூடாகவே இல்லை. தெர்மோஸ்டாட் கதையை ஐந்தாவது தலைப்பில் பாருங்கள்.

3. சத்தம் ஏறுகிறது, வள்ளம் ஓடவில்லை

"அண்ணே, சத்தமெல்லாம் நல்லாத்தான் கெடக்கு, வள்ளம்தான் போவ மாட்டேங்குது" என்று சொல்லி யாராவது வந்தால் எஞ்சின் மூடியையே நான் திறப்பதில்லை. எஞ்சின் வேலை செய்கிறது, அந்த வேலை தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. கீழேதான் பார்க்க வேண்டும்.

முதலில் புரொப்பல்லரில் சாக்கோ வலைத்துண்டோ பிளாஸ்டிக் கவரோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பிளேடின் நுனி. மணலிலும் பாறையிலும் தேய்ந்து, ஓரம் மடங்கி, ரம்பப் பல் போல ஆகியிருக்கும் புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளாது, கலக்கும். சின்னப் பல்லை அரத்தால் ராவிச் சரி செய்யலாம். ஒரு பிளேடில் ராவியதை மற்ற பிளேடுகளிலும் அதே அளவு ராவுங்கள், இல்லாவிட்டால் அதிர்வு வரும். பிளேடு வளைந்திருந்தாலோ ஒரு துண்டே போயிருந்தாலோ அது பட்டறை வேலை.

புரொப்பல்லர் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனாலும் வழுக்குகிறதா? நடுவிலுள்ள ரப்பர் புஷ் விட்டிருக்கலாம். உள் குழலிலிருந்து வெளி உடல் வரை குறுக்கே பெயின்டால் ஒரே நேர்க்கோடு போட்டுக் காய விடுங்கள். கடலில் முழு திராட்டிலில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டும் இடம் மாறி நின்றால் புஷ் சுழல்கிறது. புஷ் மாற்றும்வரை மெதுவாக ஓட்டிக் கரை சேரலாம், வேகம் கொடுக்க முடியாது.

கோடும் சரியாக இருந்தால் எஞ்சினின் உயரம். புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தட்டு இருக்கிறதே, அது வள்ளத்தின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் வரை கீழாகவோ இருக்க வேண்டும். வள்ளம் கரையில் இருக்கும்போது நேரான மரச்சட்டம் ஒன்றை அடிப்பாகத்தில் ஒட்டவைத்து அமரத்துக்குப் பின்னால் நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தட்டு சட்டத்துக்கு மேலே இருந்தால், திரும்பும்போதும் அலையில் ஏறும்போதும் புரொப்பல்லர் காற்றைக் குடிக்கும். மிகக் கீழே இருந்தால் எஞ்சினின் கால் தண்ணீரை உழுதுகொண்டு போகும், வேகமும் எண்ணெயும் போகும். நம் வள்ளங்களில் அமரப் பலகையை ஆளுக்கொரு உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். 15 அங்குலக் காலுக்குக் கட்டிய பலகையில் 20 அங்குலக் கால் எஞ்சினை மாட்டி ஓட்டுபவர்கள் உண்டு.

4. சத்தமும் ஏறவில்லை, வள்ளமும் ஓடவில்லை

மூடியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் நிற்கும்போதே ஒருவர் திராட்டிலை முழுக்கத் திருகட்டும். கார்புரேட்டரின் வாய் முழுதாகத் திறக்கிறதா? கேபிள் தளர்ந்து முக்கால் மட்டுமே திறப்பது சர்வ சாதாரணம்.

கேபிள் சரி என்றால், இரண்டு சிலிண்டரும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம், உங்களுக்கும் ஷாக், சி.டி.ஐ.க்கும் கேடு. கடலில் முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே நிறுத்தி, இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் தேநீர் நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கறுத்து நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டர் சும்மா இருக்கிறது. இரண்டு பிளக்கையும் இடம் மாற்றி மாட்டி இன்னொரு தடவை ஓட்டுங்கள். நனைவு பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் பிளக்தான் கெட்டது. அதே சிலிண்டரில் நின்றால் காயிலோ, வயரோ, கம்ப்ரஷனோ.

கம்ப்ரஷன் மீட்டர் எல்லா மெக்கானிக்கிடமும் இருக்கும். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் நூற்றுக்குப் பத்து, பதினைந்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் பிஸ்டன் ரிங்கோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கிறது. அதை வீட்டில் செய்ய வேண்டாம். மண்ணெண்ணெயில் நாள் முழுவதும் மெதுவாக ஓட்டும் எஞ்சின்களில் கரி படிந்து ரிங் ஒட்டிக்கொள்வது உண்டு. கரி எடுத்தாலே பாதி எஞ்சின் திரும்ப உயிர் பிடிக்கும். ஆகவே "சிலிண்டர் போர் அடிக்கணும், பிஸ்டன் மாத்தணும்" என்று சொல்பவரிடம் முதலில் ஹெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் சுழற்சி ஏறவில்லை என்றால் சுமை. பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் அங்குலக் கணக்கு) அதிகமான புரொப்பல்லர் மாட்டியிருப்பீர்கள். பிளக் வயரில் சுற்றி மாட்டும், சுழற்சி காட்டும் சின்ன டாக்கோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், அந்தக் காசு வீண் போகாது. வழக்கமான சுமையோடு முழு திராட்டிலில், உங்கள் எஞ்சினுக்குக் கம்பெனி சொல்லும் சுழற்சி வரம்பின் மேல்பகுதியைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் பிட்ச் ஓர் அங்குலம் குறைந்த புரொப்பல்லரைப் போட்டுப் பாருங்கள், நிமிடத்துக்குச் சுழற்சி 150 முதல் 200 வரை ஏறும். வரம்பைத் தாண்டிக் கத்தினால் எதிர்ப்பக்கம் போங்கள். வலையும் ஐஸும் ஆளுமாகப் போகும் வள்ளத்துக்கு, ஆள் மட்டும் போகும் படகின் புரொப்பல்லர் பொருந்தாது.

5. தண்ணீர் துப்பவில்லை, அல்லது சூடாகி நிற்கிறது

எஞ்சினை அந்த நொடியே நிறுத்துங்கள். "கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும்.

துப்பும் துளையில் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) துண்டு ஒன்றை விட்டுக் குத்துங்கள். உப்போ மணலோ அடைத்திருந்தால் அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் எஞ்சினைத் தூக்கி, கீழே தண்ணீர் இழுக்கும் சல்லடையில் கவர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர். கரையிலிருந்து வள்ளம் தள்ளும் இடங்களில் இது சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் மணல். முழங்கால் தண்ணீரிலேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், அலை கலக்கிய மணலையெல்லாம் அது குடிக்கும். கொஞ்சம் துடுப்புப் போட்டு ஆழத்துக்குப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். இம்பெல்லர் மாற்றும்போது அது உட்காரும் கிண்ணத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வரிவரியாகக் கீறல் இருந்தால், புது இம்பெல்லர் போட்டும் பயனில்லை, கிண்ணத்தையும் மாற்ற வேண்டும்.

இம்பெல்லர் புதுசு, ஆனாலும் சூடு. அப்போது தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி, நூலில் கட்டி, சூடேறும் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீர் 50 டிகிரியை ஒட்டி வரும்போது திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதுசு போடுங்கள்.

கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவதுதான் நம் கரையின் வழக்கம். "அது இல்லாட்டி எஞ்சின் குளுகுளுன்னு ஓடும்" என்பார்கள். உண்மைதான். அதனால்தான் மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் புகை கக்குகிறது, பிளக் கறுக்கிறது, கரி படிகிறது, எண்ணெய்க் கணக்கு ஏறுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சூடானால், தண்ணீர் ஓடும் பாதைகளில் உப்பு கட்டியாகியிருக்கிறது. ஹெட்டைத் திறக்கும் வேலை, மெக்கானிக்கிடம் விடுங்கள். அந்த நிலை வராமலிருக்க, கடலிலிருந்து வந்ததும் ஒரு டிரம் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

6. எல்லாம் நன்றாக ஓடுகிறது, எண்ணெய் மட்டும் அதிகம் குடிக்கிறது

இதற்குத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். முதலில் கேட்பேன்: எவ்வளவு குடிக்கிறது? "நேத்து ஒரு கேன், இன்னைக்கு ஒன்றரை" என்பது கணக்காகாது. நேற்று எந்தத் திசையில் நீரோட்டம், இன்று எந்தத் திசையில் என்று யாருக்குத் தெரியும்? அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் பாட்டிலில் ஹோஸை விட்டு, விடியற்காலை அமைதியான கடலில், ஒரே திராட்டிலில், போக ஒன்று வர ஒன்று என்று ஓட்டுங்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். தூரத்தைக் காட்டும். இரண்டையும் சேர்த்து, ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள். அந்த ஓர் எண் இருந்தால் அடுத்து எதை மாற்றினாலும் பலன் உண்டா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

எண் மோசமாக இருந்தால், செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள்.

வேகம். 12 கடல் மைல் தூரத்திலுள்ள பாட்டுக்கு (மீன் பிடிக்கும் இடத்துக்கு) 7 நாட்டில், அதாவது மணிக்கு 7 கடல் மைல் வேகத்தில், போனால் 1 மணி 43 நிமிடம். 6 நாட்டில் போனால் 2 மணி. பதினேழு நிமிடத்தை விட்டுக்கொடுத்தால், கனத்த வள்ளத்தில் போகிற எண்ணெயில் நாலில் ஒரு பங்கு மிஞ்சும். தண்ணீர் மட்டத்தில் 24 அடி நீளம் உள்ள வள்ளத்துக்கு ஆறரை நாட்டுக்கு மேல் திராட்டில் கொடுப்பதெல்லாம் அமரத்துக்குப் பின்னால் பெரிய அலை கிளப்பத்தான் உதவும். அந்த அலையைத் திரும்பிப் பாருங்கள். அது எழும்பி வெள்ளை நுரை கக்கத் தொடங்கும் இடத்திலிருந்து திராட்டிலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள். மீன் விலை கரையில் விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், தெரியும். பாட்டுக்குப் போகும்போதாவது செய்யலாம்.

சுமை. உள்ளே தேங்கிய தண்ணீர் 100 லிட்டர் என்றால் அது 100 கிலோ. இறைத்து ஊற்றுங்கள். ஐஸ் பெட்டியும் கேன்களும் அமரத்தில் குவிந்து அணியம் (முன்முனை) வானத்தைப் பார்த்தால், அவற்றை நடுவுக்கு நகர்த்துங்கள், பிறகு எஞ்சினின் சாய்வை மாற்றும் டிரிம் பின்னை ஒரு துளை மாற்றிப் பாருங்கள். இரண்டு எஞ்சின் மாட்டிய வள்ளத்தில் ஒன்றை மட்டும் ஓட்டும்போது மற்றதைத் தண்ணீரை விட்டுத் தூக்கி வையுங்கள்.

அடிப்பாகம். துறைமுகத்தில் மிதந்தே கிடக்கும் வள்ளத்தில் சிப்பியும் பாசியும் பிடிக்கும், சுரண்டுங்கள். கரையில் இழுத்து ஏற்றும் வள்ளத்தில் பாசி குறைவு, ஆனால் அடியிலுள்ள ஃபைபர் தேய்ந்து நார் தெரியும். அது தண்ணீரை ஊறிக் கனம் கூடும். நார் தெரியும் இடத்தை நன்றாகக் காயவிட்டு ரெசின் பூசுங்கள்.

ஆயில் கலவை. 50-க்கு 1 என்றால் 20 லிட்டருக்கு 400 மில்லி. "கூட ஊத்துனா எஞ்சின் ரொம்ப நாள் நிக்கும்" என்று இரட்டிப்பாக ஊற்றினால் புகையும் கரியும்தான் மிச்சம். பைக் டூ-டி ஆயில் வேண்டாம், டப்பாவில் டி.சி.-டபிள்யூ.3 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் விகிதம் வேறாக இருக்கலாம், எஞ்சின் மேனுவலில் உள்ளதுதான் கணக்கு.

இவ்வளவும் பார்த்த பின்னும் இரண்டு பிளக்கும் கறுத்து ஈரமாகவே வந்தால், அப்போதுதான் கார்புரேட்டர். சோக் முழுதாகத் திறக்கிறதா? ஃப்ளோட் ஊசி ஒழுகி எண்ணெய் வழிகிறதா? கழற்றிக் கழுவலாம். எண்ணெயை அளந்துவிடும் சின்னத் துளையான ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பிறகு ஆயுசுக்கும் எண்ணெய் குடிக்கும்.

7. கியர் ஆயில் பால் போல வருகிறது

கியர் பாக்ஸின் கீழ்த் திருகைத் தளர்த்தி நாலு சொட்டு வடியுங்கள். வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர். முதலில் புரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே தங்கூசி சுற்றிச் சுற்றி, சூட்டில் உருகி, கண்ணாடி வளையல் மாதிரி இறுகிக் கிடக்கும். அதுதான் சீலை அறுத்தது. கத்தியால் குத்தி எடுத்தால் ஷாஃப்டில் கீறல் விழும், பிறகு புதுச் சீலும் நிற்காது. கொக்கிக் கம்பியால் மெல்லப் பிரித்தெடுங்கள். சீல் மாற்றுவது மெக்கானிக் வேலை. தள்ளிப்போட்டால் பேரிங்கும் பல்சக்கரமும் சேர்ந்து துருப்பிடித்து, சீலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு கியர் பாக்ஸ் செலவாகும். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழியும்வரை விட வேண்டும், மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும்.

8. எஞ்சின் கடலில் விழுந்துவிட்டது

ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்ததென்றால் கயிற்றை இழுக்கவே வேண்டாம். உள்ளே தண்ணீர் நிரம்பி கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். நிறுத்தியிருந்தபோது விழுந்ததென்றால், தூக்கியதும் நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவி, பிளக்கைக் கழற்றி, துளை கீழ்நோக்க வைத்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வடியுங்கள். மணல் அரையும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் டூ-டி ஆயில் விட்டு, அன்றே மெக்கானிக்கிடம் சேருங்கள். அன்றே முடியாது என்றால், எஞ்சினை நல்ல தண்ணீர் டிரம்மில் முழுக முக்கி வையுங்கள். உப்போடு காற்றில் ஒரு ராத்திரி கிடந்தால் பேரிங் துருப்பிடித்துவிடும்.